பாத்திரத்தின் நடுப்பகுதி

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலையின் மீது அமைந்த ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு அங்கே எளிதில் குழையாததற்கும், மலைமேல் உள்ள வீடுகளில் குக்கர் இன்றியமையாததாக இருப்பதற்கும் இதுவே காரணம். அழுத்தத்தைக் கூட்டும் வசதியற்ற நுண்ணலை அடுப்பு, அதாவது மைக்ரோவேவ் ஓவன், இந்த எல்லைக்குக் கட்டுப்பட்டதே. எனவே சமவெளிக்குக் கணக்கிட்டு உறையில் அச்சிட்ட சமையல் நேரம் மலையில் போதாமல் போகலாம்.

ஆனால் சமைத்த உணவைச் சூடுபடுத்த 95 டிகிரி தாராளமாகப் போதும். உணவின் எல்லாப் பகுதியும் 74 டிகிரியைத் தொட்டாலே பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடிந்துவிடும். அந்த 74 டிகிரி நடுப்பகுதிக்கும் எட்டுகிறதா என்பதே சிக்கல். நொடிக்கு 245 கோடி முறை அதிரும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடாக்குகின்றன என்றாலும், அவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரிதும் வலுவிழந்துவிடுவதால், அதற்கும் உள்ளே வெப்பம் மெல்லத்தான் பரவ வேண்டியிருக்கிறது. ஓரத்தில் குழம்பு கொதிக்க, நடுவில் அது குளிர்ந்தே கிடப்பது இதனால்தான்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல்: எவர்சில்வர் கிண்ணம் நுண்ணலைகளை உணவுக்குள் விடாமல் திருப்பிவிடுவதோடு தீப்பொறியையும் எழுப்பக்கூடும் என்பதால், பீங்கானோ அடுப்புக்கேற்ற கண்ணாடியோதான் ஏற்றது, கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் வரும் சாம்பாரை அப்படியே உள்ளே வைக்கலாகாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சோற்றுக்கே. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள், அதாவது உறங்குநிலையில் உள்ள அதன் கடினமான உருக்கள், கொதிநீரிலும் சாகாமல் தப்பி, சோறு வெதுவெதுப்பாக இருக்கையில் முளைத்துப் பெருகுகின்றன. மார்கழி இரவில் வெளியே குளிர் 13 டிகிரிக்கு இறங்கினாலும், மூடிவைத்த சோற்றுக் குண்டானின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மலைக்குளிரே குளிர்பதனப்பெட்டிக்கு ஈடு என்ற நம்பிக்கை பிழைபடுவது இங்கேதான். அந்தப் பாக்டீரியா சோற்றில் சுரக்கும் செரியூலைடு என்ற வாந்தி நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. நுண்ணலை அடுப்பும் குக்கரும் அதன்முன் ஒன்றே. ஆகவே இரவு முழுவதும் வெளியில் கிடந்த சோற்றை எத்தனை சூடாக்கியும் பயனில்லை, கொட்டிவிடத்தான் வேண்டும்.

மீந்த சோற்றை அகன்ற தட்டில் மெல்லப் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப்பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் உண்டுவிடுவதே முறை. சூடாக்கும்போது குவித்து வைக்காமல், நடுவில் குழிவிட்டு வளையமாகப் பரப்பினால் குளிர்ந்த மையம் என்பதே இல்லாமல் போகிறது. தண்ணீர் தெளித்து, நீராவி வெளியேறச் சிறு இடைவெளி விட்டு மூடி, பாதி நேரத்தில் ஒருமுறை கிளறி, அடுப்பு நின்றபின் இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் வெப்பம் எங்கும் பரவிவிடும். மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்காதபடி மறுபக்கம் தூக்கித் திறக்க வேண்டும்.