பிளாஸ்மாவில் வைத்த விதை வெந்துவிடாதா?

திருப்பெரும்புதூர் அருகே மண்ணூரில் விதை நேர்த்தி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, உளுந்து பயிரிடும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகன், காற்றை உறிஞ்சிவிட்ட பெட்டிக்குள் ஊதா ஒளி எரிவதைச் சொன்னான். அதற்குள் பல்லாயிரம் டிகிரி சூடாம். அந்த மாதிரி ஒளியில் விதையைக் காட்டினால் நன்றாக முளைக்கும் என்கிறார்களே, வெந்துவிடாதா ஐயா?"

இரண்டு செய்தியிலும் உண்மை உண்டு. அந்த ஒளிக்குப் பிளாஸ்மா என்று பெயர். பெட்டியிலுள்ள காற்றின் அழுத்தத்தை, வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்து, இரு உலோகத் தகடுகளுக்கிடையே மின்சாரம் செலுத்துகிறார்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. இதுவோ பெரும்பாலும் 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் சுற்று. ரேடியோ அலையின் வேகம். இதற்கு ஈடுகொடுத்து ஆடக்கூடியது எலெக்ட்ரான் மட்டுமே. காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு அதைவிட ஏறக்குறைய 51,000 மடங்கு கனமானது.

வெறுமனே ஆடினால் எலெக்ட்ரான் சூடேறாது. ஒரு பக்கம் போகையில் பெற்ற ஆற்றலைத் திரும்பும்போது கொடுத்துவிடும். இடையில் ஒரு மூலக்கூறில் மோதித் திசை மாறினால்தான் பெற்றது கையில் நிற்கும். அழுத்தம் மிகக் குறைந்தால் மோதலும் அரிது. அப்போது வேறொரு வழி உண்டு. தகட்டை ஒட்டி எலெக்ட்ரான் குறைந்த மெல்லிய பகுதி ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பு மின்சாரத்தோடு முன்னும் பின்னும் அசைகிறது. முறம் மேலெழுந்து தட்டும்போது பதர் பறக்கிறது அல்லவா? அதுபோல, முன்னேறும் விளிம்பு எலெக்ட்ரானைத் தட்டி விரட்டுகிறது. விளிம்பு பின்வாங்கும்போது சிறிது இழப்பும் உண்டு. கூட்டிக் கழித்தால் லாபமே. இப்படித்தான் எலெக்ட்ரான்கள் 20,000 முதல் 40,000 டிகிரி வரை சூடேறுகின்றன.

ஆனால் கோலிக்குண்டு மோதி நெல் மூட்டை நகருமா? சாதாரண மோதல் ஒன்றில் எலெக்ட்ரான் தன் ஆற்றலில் சுமார் 25,000-இல் ஒரு பங்கையே மூலக்கூறுக்குக் கொடுக்கிறது. எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் சொற்பம். ஆகவே பெட்டியிலுள்ள காற்று அவ்வளவாகச் சூடாவதில்லை. பழைய குழல் விளக்கு எரியும்போது அதற்குள்ளும் எலெக்ட்ரான்கள் 10,000 டிகிரி அளவில்தான் இருக்கின்றன. கண்ணாடியின் நடுப்பகுதி கையைச் சுடுவதில்லை.

நமக்குப் பயன், வேகமான எலெக்ட்ரான் மூலக்கூறை உடைப்பதில் இருக்கிறது. அப்படிப் பிரிந்த ஆக்சிஜன் அணுக்கள் விதைத்தோலின் மேற்பரப்பை மாற்றி, நீர் ஒட்டும்படி செய்கின்றன. பார்மஷென்கோ குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்மா பட்ட மைசூர்ப் பருப்பு, பீன்ஸ், கோதுமை விதைகளின்மேல் நீர்த்துளி உருண்டு நிற்காமல் பரவியது. முளைக்கும் வேகமும் மாறியது.

அதற்காகப் பிளாஸ்மா விதை என்று யாரேனும் கூடுதல் விலை கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து. விதைக்கு விதை பலன் மாறுகிறது. நேரம் மிஞ்சினால் முளைப்பே கெடும். சீக்கிரம் முளைப்பது வேறு, மகசூல் வேறு. அந்த விதையில் 100, உங்கள் விதையில் 100 எண்ணி ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். எந்த விதையானாலும், 1 கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதை நிறுத்த வேண்டாம்.