ஜன்னலோர இருக்கை: எந்தப் பக்கம்?

டெல்லியில் குடியேறி வாழும் நம்மவரில் அநேகர், ஊரிலிருந்து வரும் பெற்றோரை டார்ஜிலிங்குக்கோ காங்டாக்குக்கோ அழைத்துச் செல்கின்றனர். பாக்டோக்ரா வரை ஏறத்தாழ இரண்டு மணி நேர விமானப் பயணம். வானம் தெளிந்திருந்தால் இமயமலைத் தொடர் வழித்துணையாகவே வரும். ஆனால் அக்காட்சி ஒரு பக்கத்து ஜன்னல்களுக்கு மட்டுமே உரியது. மறுபக்கத்தில் அமர்ந்தவருக்குக் கங்கைச் சமவெளியின் மங்கலான மூட்டமே மிஞ்சும். வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கும் பயணத்தில், தனிக் கட்டணமும் செலுத்திவிட்டு, முதியவர்கள் இக்காட்சியை இழக்க வேண்டியதில்லை. சிறிது முன்யோசனை போதும்.

திசையே முதற்கணக்கு

டெல்லியிலிருந்து பாக்டோக்ரா கிழக்கே உள்ளது. கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு இடக்கைப் பக்கம் வடக்கு. இமயம் இருப்பதும் அங்கேதான். வரிசைக்கு ஆறு இருக்கைகள் கொண்ட விமானங்களில் இடப்பக்க ஜன்னலுக்கு 'ஏ' என்றும், வலப்பக்க ஜன்னலுக்கு 'எஃப்' என்றும் பெயர். ஆகவே போகும்போது 'ஏ', திரும்பும்போது 'எஃப்'. இதே எழுத்தை இரு வழிக்கும் பதிவு செய்துவிட்டு ஏமாறுவோர் உண்டு.

கதிரவனும் இங்கு நமக்குத் துணைநிற்கிறான். குளிர்காலத்தில் சூரியன் தென்பக்கமாகவே செல்வதால், வடக்கு ஜன்னலில் கண் கூசாது. மலைகளின் தென்முகமோ வெயிலில் ஒளிரும்.

இறக்கையைத் தவிர்ப்பீர்

இவ்வகை ஜெட் விமானங்களில் நடு வரிசைகளுக்கு வெளியே இறக்கையே தெரியும். இறக்கைக்கு முன்னுள்ள வரிசைகளே சிறந்தவை. பின்வரிசைகளிலும் மலை தெரியும். எனினும் இயந்திரத்தின் வெப்பக் காற்றினால் காட்சி சற்று அலையும். ஓரிரு வரிசைகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருப்பதும் உண்டு. குறுகிய தூரம் பறக்கும் ஏடிஆர் விமானங்களில் இறக்கை ஜன்னலுக்கு மேலே அமைந்திருப்பதால், கீழே உள்ள நிலக்காட்சியை அது மறைப்பதில்லை.

காலமும் வேளையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மேகம் மலைகளை மூடியிருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களே தெளிவானவை. பகல் ஏற ஏறச் சிகரங்களைச் சுற்றி மேகம் திரள்வதால் காலை விமானமே மேல். டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் மூடுபனி காலை விமானங்களைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதையும் எண்ணிக் கொள்ளுங்கள்.

எவரெஸ்டை அறிவது எப்படி?

பயணத்தின் பிற்பகுதியில் விழிப்பாயிருங்கள். 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட், தெற்கிலிருந்து பார்ப்போருக்கு லோட்சே, நுப்சே மலைமுகட்டின் பின்னாலிருந்து தலை நீட்டும். ஆகையால் அருகிலுள்ளவற்றைவிடச் சிறியதாகவும் தோன்றலாம். அதற்குக் கிழக்கே, 8,485 மீட்டர் உயர மகாலு தனித்து நிற்கும். இறங்கும் நேரம் நெருங்குகையில், 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா பரந்த வெண்சுவராக எழும். திரும்பும் பயணத்தில் இவ்வரிசை தலைகீழாகும். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

மற்ற வழிகளுக்கும் இக்கணக்கே பொருந்தும். மும்பையிலிருந்து கோவாவுக்குத் தெற்கு நோக்கிச் செல்கையில் அரபிக்கடல் வலப்பக்கம், மேற்குத்தொடர்ச்சி மலை இடப்பக்கம். மாலை விமானமாயின் சூரியன் மறைவதும் கடற்பக்கமே. இறங்குமுன் விமானம் வட்டமிட்டால், கடைசி நிமிடங்களில் பக்கம் மாறலாம்.

குடும்பமாய்ச் செல்லும்போது

ஒவ்வொருவருக்கும் ஜன்னல் தேவையில்லை. ஒரே வரிசையின் மூன்று இருக்கைகளை எடுத்து, பெல்ட் விளக்கு அணைந்தபின் முறைமாற்றி அமரலாம். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஒரே முன்பதிவில் பயணிக்கும் பெற்றோரில் ஒருவர் அருகிலேயே இடம் தர வேண்டும் என 2024-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. அடிக்கடி கழிப்பறை செல்லும் முதியவருக்கு நடைவழி இருக்கையே வசதி. மலை தெரியும் வேளையில் மட்டும் அவரை ஜன்னலருகே அமர்த்துங்கள். அவசரவழி வரிசையில் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் இடமில்லை.

பயணச்சீட்டு எடுக்குமுன் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பள்ளிப் பாடத்தில் மட்டுமே எவரெஸ்டை அறிந்த தாய்க்கு, அதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அந்த ஒரு நிமிடக் கவனத்தில் அடங்கியிருக்கிறது.