தோலிலும் பல்லிலும் ஒரே கயிறு

உங்கள் புறங்கைத் தோலை இரு விரல்களால் மெல்லப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எழும்புகிறது; ஆனால் கிழிவதில்லை. இனி நாக்கால் பல்லைத் தொடுங்கள். கல் போலக் கடினம்! இவ்விரண்டும் உறவினர் என்றால் நம்புவீர்களா?

உறவுக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோலுக்கு வலுவைத் தருவது இதுவே. பல்லின் வெளிப்பகுதியான எனாமலில் இது இல்லை. அதற்கு உட்புறமுள்ள டென்டினிலோ கொலாஜன் இழைகள் வலையாகப் பரவியிருக்கின்றன. அவற்றின்மேல் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் இறுகியிருக்கின்றன. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கொலாஜனுக்கு இந்த வலிமை எப்படி வந்தது? விடை சென்னையிலிருந்து வந்தது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்றனர். மூன்றும் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதை மறு ஆண்டில் விளக்கினர்.

ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வருகிறது. ஏன் தெரியுமா? முறுக்கின் நடுவே இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும்!

சரி, இதனால் நமக்கு என்ன பயன்? சொத்தைப் பல்லை அடைக்கும் பல் மருத்துவரிடம் செல்வோம். முற்கால அடைப்புப் பொருள் பல்லில் தானாக ஒட்டவில்லை. ஆகவே அது கழன்று விழாதபடி குழியை உட்புறம் அகலமாகக் குடைய வேண்டியிருந்தது. சொத்தையோடு நல்ல பல்லும் வீணாயிற்று.

1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு ஒட்டும் என்று காட்டினார். டென்டினில் ஒட்டுவது கடினமாகவே இருந்தது. 1982இல் ஜப்பானின் நாகபயாஷி குழுவினர் வழி கண்டனர். அமிலம் படிகங்களைக் கரைத்ததும் கொலாஜன் வலை வெளிப்படுகிறது. அதன் இடைவெளிகளில் பிசின் புகுந்து இறுகினால், பல்லும் பிசினும் பின்னிய புதிய அடுக்கு உண்டாகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அமிலத்தைக் கழுவியபின் பல்லை மிகவும் உலர்த்திவிட்டால் வலை சரிந்து படிந்துவிடும், பிசின் நுழையாது. ஈரம் மிகுந்தாலும் பிணைப்பு கெடும். பிசின் எட்டாத கொலாஜனை நொதிகள் நாளடைவில் சிதைக்க, அடைப்பின் பிடி தளர்கிறது. இதைத் தடுக்க ஆய்வுகள் நடந்துவருகின்றன.

எனாமல் ஒருமுறை குழிந்துவிட்டால் உடல் அதை மீண்டும் வளர்த்துத் தருவதில்லை. எந்த அடைப்பும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. ஆகவே, இன்றிரவு பல் துலக்க மறவாதீர்கள்!