இன்னும் கொஞ்சம் மேலே போனால் என்ன?

என் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. போன வருஷந்தான் முதல் தடவையாக ஆகாய விமானத்தில் ஏறினாள். ஏறியதிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. பாதி வழியில் விமானம் மேகக் கூட்டம் ஒன்றுக்குள் புகுந்து, கட்டை வண்டி மாதிரி குலுங்க ஆரம்பித்தது. கையிலிருந்த காப்பி தளும்பிப் புடவையில் கொட்டிவிட்டது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த பணிப்பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏம்மா குழந்தை, மேலே பளிச்சென்று வெயில் அடிக்கிறதே, இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்லக் கூடாதோ?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால், சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியா அது? விமானிகள் ஒவ்வொரு பிரயாணத்திலும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி அல்லவா! அதற்குத் தப்பான பதில் சொல்லிக்கொண்டு உயிரையே விட்டவர்களும் உண்டு.

விமானத்தைத் தாங்குவது எது? இறக்கைமேல் ஓடுகிற காற்று. தரை மட்டத்தில் காற்று கெட்டித் தயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35,000 அடி உயரத்தில் அது நீர்மோர். கீழே இருக்கும் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 41,000 அடிக்குப் போனால் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த நீர்மோர்க் காற்றில் அதே பாரத்தைத் தாங்க வேண்டுமானால் விமானம் இன்னும் வேகமாக ஓடியாக வேண்டும். வேகம் குறைந்தால் இறக்கை காற்றைப் பிடிக்க மாட்டேன் என்று கைவிட்டுவிடும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். மோட்டார் நின்றுபோவதல்ல இது. மோட்டார் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே இறக்கை தோற்றுப்போவது.

'வேகமாகப் போனால் போகிறது!' என்பீர்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு சுவர் நிற்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, இறக்கைமேல் ஓடும் காற்று முரண்டு பண்ணும், விமானம் நடுங்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமோ குறைவு. ஆகவே, மேலே போகப் போக 'இதற்குக் குறையாதே' என்கிற எல்லையும், 'இதற்கு மிஞ்சாதே' என்கிற எல்லையும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர், 'சவப்பெட்டி மூலை'! 1955-ல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க உளவு விமானமான யூ-2, எழுபதாயிரம் அடியில் பறக்கும்போது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே சில சமயம் பத்து கடல் மைல் வேகம்கூட இடைவெளி இருக்காது. கத்தி முனையில் நடக்கிற காரியந்தான்.

நீங்களும் நானும் போகும் விமானங்கள் அந்த மூலைக்குப் போவதில்லை. ஆனால் அவற்றுக்கு வேறொரு தொல்லை உண்டு. இயந்திரத்துக்கும் காற்றுதானே ஆகாரம்? மெல்லிய காற்றில் அதற்கும் பலம் குறைந்துவிடுகிறது. அதனால்தான், நெடுந்தூரம் போகும் விமானம் எடுத்த எடுப்பில் உச்சிக்கு ஏறிவிடாது. எண்ணெய் எரிந்து எரிந்து பாரம் குறையக் குறைய, படிப்படியாக ஏறும். வழக்கத்தைவிடக் காற்று வெதுவெதுப்பாக இருந்தால் அதுவும் முடியாது. 'இந்த ரக விமானம் 41,000 அடி வரை போகலாம்' என்று சான்றிதழில் எழுதியிருப்பது வேறு. இன்றைக்கு, இந்தப் பாரத்தோடு, இந்தக் காற்றில் எவ்வளவு உயரம் போகலாம் என்பது வேறு. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போட்டுவிட்டால், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இலையில் பாயசம் இருக்கும் என்று அர்த்தமா என்ன?

உயரத்தில் வேகம் குறைந்துவிட்டால் என்ன ஆகிறது, பாருங்கள். உயரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள விமானத்தின் மூக்கைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கிறது. மூக்கைத் தூக்கினால் காற்று அதிகமாகத் தடுக்கிறது. தடுத்தால் வேகம் இன்னும் குறைகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன்! கீழே என்றால் இயந்திரத்தை முடுக்கித் தப்பித்துக்கொள்ளலாம். மேலேதான் இயந்திரம் ஏற்கெனவே தன்னால் ஆனதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறதே? ஆகவே ஒரே வழிதான் மிச்சம். மூக்கைத் தாழ்த்தி இறங்க வேண்டும். நகையை விற்றுக் கடனை அடைக்கிற மாதிரி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்க வேண்டும். அதுவும் சீக்கிரம் விற்றுவிட வேண்டும்.

2004-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி இரவு, அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா ராஜ்யத்திலுள்ள லிட்டில் ராக் நகரிலிருந்து மினியாபொலிஸுக்கு ஒரு சிறு ஜெட் விமானம் கிளம்பியது. பினக்கிள் ஏர்லைன்ஸ் கம்பெனியுடையது. ஐம்பது பேர் உட்காரக்கூடியது. அன்று பிரயாணிகள் ஒருவரும் இல்லை. காலி விமானத்தை ஊர் சேர்ப்பதற்காக இரண்டே விமானிகள். காப்டனுக்கு 31 வயது. துணை விமானிக்கு 23. திட்டத்தில் போட்டிருந்த உயரம் 33,000 அடி. ஆனால் அந்த ரக விமானத்தின் உச்ச வரம்பு 41,000 அடி. அதைத் தொட்டுவிட்டு வந்தவர்கள் என்று பெருமை பேசிக்கொள்ளும் பழக்கம் அந்தக் கம்பெனி விமானிகள் சிலரிடம் இருந்ததாகப் பின்னால் விசாரணையில் தெரிந்தது.

வண்டி காலி, பார்க்கிறவர் யாருமில்லை. ஏறும்போதே மூக்கை வெடுக்கென்று தூக்கி விளையாடினார்கள். இருக்கையை மாற்றிக்கொண்டார்கள். குடிக்கக் கலர் எடுத்து வந்தார்கள். இதையெல்லாம் கேட்டு நாம் தலையில் அடித்துக்கொள்ளலாம்; ஆனால் அவர்களைக் கொன்றது கலர் பாட்டில் அல்ல. நிமிஷத்துக்கு 500 அடி வீதம் ஏறும்படி தானியங்கிக் கருவிக்கு உத்தரவு கொடுத்தார்களே, அதுதான் வினை. 'இந்த வேகத்தை விடாமல் ஏறு' என்று சொல்லியிருக்க வேண்டும். 'இந்த வீதத்தை விடாமல் ஏறு' என்று சொன்னார்கள். கருவி சொன்ன சொல் தட்டவில்லை. மூக்கைத் தூக்கித் தூக்கி 500 அடி ஏற்றத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தது; வேகம் மட்டும் கரைந்துகொண்டே வந்தது.

41,000 அடியைத் தொட்டார்கள். இந்த ரக விமானத்தை இந்த உயரத்தில் பார்த்ததே இல்லையே என்று தரையிலிருந்த அதிகாரி வியந்தார். பிரயாணிகள் இல்லை, கொஞ்சம் வேடிக்கை பார்க்க வந்தோம் என்று பதில் போயிற்று. சில நிமிஷங்களிலேயே, இங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று அவர்களுக்கும் புரிந்துவிட்டது. கீழே இறங்க அனுமதி கேட்டார்கள். அனுமதிக்குக் காத்திராமல் மூக்கைத் தாழ்த்தியிருந்தால்...! விமானம் எச்சரித்தது, கைப்பிடியை உதறிக் காட்டியது, தானாகவே மூக்கைக் கீழே தள்ளியது. ஒவ்வொரு தடவையும் விமானிகள் இழுத்து மேலே நிமிர்த்தினார்கள். கடைசியில் முழு ஸ்டால். இயந்திரங்களுக்குள் ஒழுங்காகப் போக வேண்டிய காற்று குழம்பியது. இரண்டு இயந்திரங்களும் அணைந்துவிட்டன.

அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. எட்டு மைல் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கையில் இருந்தது. மூக்கை நன்றாகத் தாழ்த்தி மணிக்கு 300 கடல் மைல் வேகத்தில் பாய்ந்தால், எதிர்க்காற்றே இயந்திரத்தைச் சுழற்றி மறுபடி உயிர்ப்பிக்கலாம் என்பது விதி. அவர்கள் 236-க்கு மேல் போகவில்லை. இருட்டில், தரையைப் பார்த்து அவ்வளவு செங்குத்தாகப் பாய்வதற்கு மனசு துணியவில்லை போலும். சூடான இயந்திரம் சுழலாமல் நின்று திடீரென்று குளிர்ந்ததில் உள்பாகங்கள் இறுகிக்கொண்டன. ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்கப் படாத பாடு பட்டிருக்கிறீர்களே, அப்படி! துணை இயந்திரத்தைக் கொண்டு கிளப்பிப் பார்த்தும் அசையவில்லை.

என் மனசை உறுத்துவது இதைவிட வேறொன்று. தரையிலிருந்தவர்களிடம் ஒரு இயந்திரந்தான் நின்றது என்றார்கள். இரண்டும் போன விஷயத்தைப் பல நிமிஷங்கள் சொல்லவே இல்லை. முதலிலேயே சொல்லியிருந்தால், மிதந்தபடியே எட்டிப் பிடிக்கக்கூடிய விமான நிலையங்கள் வழியில் இருந்தன. தப்பு செய்த குழந்தை பாத்திரத்தின் உடைந்த பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைக்குமே, அந்தப் புத்திதான். இரவு பத்தேகால் மணி சுமாருக்கு, மிஸௌரி ராஜ்யத்தில் ஜெபர்சன் சிட்டி விமான நிலையத்துக்கு இரண்டரை மைல் முன்னாலேயே, வீடுகளின் கொல்லைப்புறத்தில் விமானம் விழுந்தது. வீட்டுக்காரர்கள் ஒருவருக்கும் காயமில்லை. விமானிகள் இருவரும் மாண்டார்கள்.

விளையாட்டுப் பிள்ளைகள், வினையைத் தேடிக்கொண்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். 2007-ல் வந்த விசாரணை அறிக்கையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிற்று. ஆனால் விளையாடாதவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2009 ஜூன் 1-ந் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் 228 பேர் இருந்தார்கள். உயரம் 35,000 அடி. புயல் மேகங்களுக்கு மேலே ஏறிவிடலாமா என்று விமானிகள் யோசித்தார்கள். காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது, இந்தப் பாரத்தோடு ஏற முடியாது என்று சரியாகவே தீர்மானித்தார்கள். காப்டன் ஓய்வெடுக்கப் போனார். கொஞ்ச நேரத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, தானியங்கிக் கருவி விலகிக்கொண்டது. அடைப்பு ஒரு நிமிஷத்துக்குள் நீங்கியும் விட்டது. அதற்குள் துணை விமானிகளில் ஒருவர் கைப்பிடியைப் பின்னால் இழுத்துவிட்டார். எந்த உயரத்துக்குப் போக முடியாது என்று சற்று முன் பேசிக்கொண்டார்களோ, அதையும் தாண்டி 38,000 அடி வரை விமானம் எழும்பியது. பிறகு விழத் தொடங்கியது. இயந்திரங்கள் இரண்டும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. மூன்றரை நிமிஷம் விழுந்தது. கடலில் மோதும்போதுகூட மூக்கு மேல் நோக்கித்தான் இருந்தது.

ஏன் இழுத்தார்கள்? அந்நாளில் பாவனைக் கூண்டில் பயிற்சி கொடுக்கும்போது ஸ்டாலைப் பெரும்பாலும் தாழ்வான உயரத்திலேயே காட்டினார்கள். அங்கே தரை அருகில் இருக்கிறது. ஆகவே, 'உயரம் இழக்காமல் மீள வேண்டும்' என்பதே பரீட்சை. நூறு அடி இழந்தாலும் மார்க் குறையும். அப்படிப் பழகிய கை, ஏழு மைல் உயரத்திலும் உயரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. இப்போது பாடம் மாறிவிட்டது. முதலில் மூக்கைத் தாழ்த்து, போகிற உயரம் போகட்டும் என்கிறார்கள். 2019 முதல் அமெரிக்க விமானக் கம்பெனிகளின் விமானிகள் பாவனைக் கூண்டில் முழு ஸ்டாலை அனுபவித்தே மீண்டு வர வேண்டும் என்று விதியும் இருக்கிறது.

அத்தையின் கேள்வியோடு அல்லவா ஆரம்பித்தோம்? பணிப்பெண் போன சில நிமிஷங்களில் காப்டனே ஒலிபெருக்கியில் பேசினார். மேலே ஏறப் போவதில்லை, நாலாயிரம் அடி இறங்கப் போகிறோம் என்றார். இறங்கினோம். குலுக்கலும் நின்றது. "கீழே போனாலும் நிற்கிறதே!" என்று அத்தை ஆச்சரியப்பட்டுவிட்டு, இன்னொரு காப்பி வாங்கிக்கொண்டாள். புடவையில் விழுந்த கறைதான் இன்னும் போகவில்லை.