மகள் விரும்பிய படிப்பு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் தம் மகளுடன் நம்மிடம் வந்தார். மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற அப்பெண் பிரெஞ்சு மொழியும், அதன்பின் ஒப்பிலக்கியமும் கற்க விழைந்தாள். "சுவாமி, கதை படிக்கவா பல்கலைக்கழகம்? தாங்கள்தாம் இவளுக்குப் புத்தி சொல்லவேண்டும்" என்றார் தந்தை. நம் மனமும் அவர் பக்கமே சாய்ந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் முதலில் காரணத்தைக் கேட்டோம்.

அவள் விக்டர் ஹ்யூகோவின் நாவலொன்றைச் சொன்னாள். 1862-இல் வெளிவந்த அதனைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் தந்தார். 1950-இல் அது திரைப்படமாயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் தண்டனை அனுபவித்து வெளிவந்தவனை விடுதிகள் விரட்டுகின்றன. ஆயர் ஒருவரே உணவும் படுக்கையும் அளிக்கிறார். அவனைத் திகைக்கவைத்தது உணவு மட்டுமன்று. ஆயர் தன்னை 'து' என ஒருமையில் விளியாமல், 'வூ' என மரியாதையுடன் விளித்ததுமாகும். "ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான், சுவாமி. தமிழில் நீ என்றும் நீர் என்றும் இருப்பதால் அவன் திகைப்பு நமக்கு உடனே விளங்குகிறது" என்றாள்.

பின்னர் நம்மையே வினவினாள்: "கர்த்தர் கற்பித்த செபத்தில் நாம் தந்தையை 'உம்' என்கிறோம். பிரெஞ்சுக்காரரும் முன்பு 'வூ' என்றே செபித்தனர்; 1966 முதல் 'து' என்கின்றனர். மரியாதையா, நெருக்கமா, எது பொருத்தம்?" நாள்தோறும் அச்செபத்தைச் சொல்லும் நமக்கு உடனே விடை வரவில்லை.

இத்தகைய வினாக்களை முறையாக ஆராய்வதே ஒப்பிலக்கியம். எம்மொழி உயர்ந்தது எனத் தீர்ப்பளிப்பது அதன் வேலையன்று. ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்கையில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது, எது புதிதாய் முளைத்தது எனக் காண்பதாகும். 1827-இல் ஜெர்மானியக் கவிஞர் கேத்தே 'உலக இலக்கியம்' பற்றிப் பேசினார். 1907-இல் தாகூர் அதே பொருளில் உரையாற்றினார். கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் புத்ததேவ போஸ் 1956-இல் இதற்கெனத் தனித்துறை தொடங்கினார். ஈழத்துக் கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களுடன் ஒப்பிட்ட நூல் 1968-இல் வெளிவந்தது. நம் தனிநாயக அடிகளாரின் முயற்சியால் வளர்ந்த உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தன் மூன்றாம் மாநாட்டை 1970-இல் பாரிசிலேயே நடத்தியது.

இடர்ப்பாட்டையும் அப்பெண்ணுக்கு எடுத்துரைத்தோம். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். எழுதும் எழுத்துகளிற் பல ஒலிப்பதில்லை. பொறுமையின்றி அது வசப்படாது. பட்டம் பெற்றவுடன் பெருஞ்சம்பளம் காத்திராது. எனினும் ஆசிரியப் பணியும் மொழிபெயர்ப்பும் உண்டு. ஐக்கிய நாடுகள் செயலகத்தின் இரு பணிமொழிகளுள் ஒன்று பிரெஞ்சு. புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே பிரெஞ்சுத் துறை உள்ளது.

தந்தை இறுதியாக, "தமிழை மறந்துவிடுவாளோ?" என்றார். அக்கவலையே அவரை உறுத்தியிருக்கிறது. ஒப்பிட இரண்டு வேண்டும். தன் மொழியை இழந்தவர் எதனோடு ஒப்பிடுவார் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது என மகளிடம் கேட்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் நீங்கள் அறியாத படிப்பொன்றைச் சொன்னால், "என்ன பயன்?" என்பதற்கு முன் "ஏன் விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். நாம் அன்று கற்ற பாடம் இதுவே.