கல்வாரி: பெயரும் மூச்சும்

2023 யூன் திங்களில் ‘வாகீர்’ என்னும் இந்திய நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறையை அடைந்தது. ஹந்தானைச் சாரலில் வாழும் எம் மாணவனொருவன் அச்செய்தியைப் படித்துவிட்டு வினவினான்: “ஐயா, இது கல்வாரி வகுப்பாமே, போர்க்கலத்துக்கு இயேசுநாதர் சிலுவையுற்ற மலையின் பெயரா?”

அன்று. இது ஆழ்கடற் புலிச்சுறாவைக் குறிக்கும் மலையாளச் சொல் என்பர். 1967 டிசெம்பர் 8இல் இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கி இப்பெயர் பூண்டது. அது 1996இல் ஓய்வுபெற்றது. மும்பையிற் கட்டிய புதிய கல்வாரி 2017 டிசெம்பர் 14இல் பணியேற்றது.

ஆயினும் பெயர் முற்றும் பொருந்துமோ? சுறா நீரிலேயே உயிர்க்கும். இக்கலமோ திமிங்கிலத்தை ஒத்தது. ஆழத்தில் மின்கலங்களின் ஆற்றலால் ஓசையின்றி ஊரும். அவற்றுக்கு மீண்டும் மின்னேற்ற டீசல் எந்திரம் இயங்கவேண்டும். எந்திரத்துக்குக் காற்று வேண்டும். ஆகவே மேற்பரப்பை அணுகிக் குழலொன்றை உயர்த்தி மூச்சு வாங்கும். பகைவர் கண்ணுக்கும் காதுக்கும் அது எளிதில் அகப்படுவது அவ்வேளையிலேயே.

பகைவரின்றியும் கேடுண்டு. புதிய கல்வாரி பணியேற்பதற்கு ஒரு திங்கள் முன்னர், இதே இனத்ததாகிய ஆர்ஜென்டீனாவின் ‘சான் ஹுவான்’, காற்றுக்குழல் வழியே கடல்நீர் மின்கலங்களுட் புகுந்ததென அறிவித்தது, பின்னர் மறைந்தது. ஓராண்டு கழிந்தே அதன் சிதைவுகள் ஏறத்தாழ 900 மீற்றர் ஆழத்திற் கிடைத்தன. உள்ளிருந்தோர் 44 பேர்.