உங்களுக்குத் தெரியுமா? ஐம்பது கடிதங்களுக்கு ஒரே பதில்!

இன்று அமெரிக்காவில் வீட்டுக்கடன் கோருவோரின் நாணயத்தை 300 முதல் 850 வரையிலான ஓர் எண்ணால் அளந்து கூறும் ‘ஃபைகோ’ மதிப்பெண், 1956-இல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித நிபுணரும் ஆளுக்கு 400 டாலர் மூலதனமிட்டுக் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த சின்னஞ்சிறு ஸ்தாபனத்திலிருந்து தோன்றியதாகும்.

• தங்கள் முறையை விளக்கிக்காட்ட வாய்ப்பளிக்குமாறு ஐம்பது பெரிய கடன் நிறுவனங்களுக்கு அவ்விருவரும் கடிதம் எழுதினர். பதில் வந்ததோ ஒன்றே ஒன்றிடமிருந்து. அந்த ஒரு நிறுவனத்துக்காகவே 1958-இல் முதல் மதிப்பீட்டு முறையை அமைத்தனர்.

• எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் பொதுவான ஃபைகோ மதிப்பெண் 1989-இல்தான் வெளிவந்தது. தவணை தவறாமல் செலுத்திய சரித்திரத்துக்கே அதில் சுமார் 35 சதவீதம். இனம், மதம், ஆண் பெண் பேதம் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை என்பது போற்றத்தக்க அம்சம்.

• மதிப்பெண்ணைச் சீர்செய்து தருவதாகக் கூறும் நிறுவனங்கள், வேலையை முடிக்குமுன் கட்டணம் வாங்கலாகாது என்று 1996-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. மதிப்பெண்ணுக்கு அடிப்படையான கடன் அறிக்கையிலுள்ள பிழையை எவரும் தாமே, ஒரு காசும் செலவின்றி ஆட்சேபிக்கலாம்.